திரை இருண்டால் கணிப்பொறி கெட்டதா?



மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் வந்து படித்து, விளக்கு வைத்த பிறகு மைசூர் மைன்ஸ் லைன் வீட்டுக்குத் திரும்பும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் கையில் இருக்கும் மடிக்கணிப்பொறி பெரும்பாலும் பழையதாக வாங்கியது. அண்ணன் சம்பளத்தில் பாதி போயிருக்கும். அம்மாவின் சீட்டுப் பணமும் அதில் சேர்ந்திருக்கும். பழைய பொறியில் விண்டோஸ் மூச்சு வாங்குகிறது என்று லினக்ஸை ஏற்றிக்கொள்கிறார்கள். நல்ல முடிவே. செலவில்லை, வேகம் உண்டு, கற்றுக்கொள்ளவும் நிறைய உண்டு.

ஆனால் ஒரு நாள் ‘புதுப்பிப்புகள் வந்துள்ளன’ என்று திரை சொல்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு உறங்கப் போகிறார் மாணவர். காலையில் திறந்தால் திரை இருட்டு. மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னுகிறது. சில வேளை அதுவும் இல்லை. அன்று மாலை ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய நாள். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: ‘ஃபார்மட்’. பொறி பிழைத்துவிடும், மூன்று மாத உழைப்பு போய்விடும்.

இத்தனைக்கும் அந்த மருந்து வேண்டியதே இல்லை. திரை இருண்டது உண்மை. வட்டு கெடவில்லை, கோப்புகள் கெடவில்லை, பெரும்பாலும் வரைகலை அட்டையும் கெடவில்லை. இடையில் நின்று பேசவேண்டிய ஒருவருக்கு மொழி புரியாமற் போனது, அவ்வளவே. அந்த ஒருவர் யார்? அவர்தாம் டிரைவர்.

மைசூர் மைன்ஸில் பிறந்தவர்க்கு டிரைவர் என்றதும் பேருந்து ஓட்டுபவர் மட்டும் நினைவுக்கு வரமாட்டார். வைண்டிங் இன்ஜின் டிரைவர் ஒருவரும் வருவார். எட்கர் ஷாஃப்ட் போன்ற ஆழ்குழிகளில் ஆட்களை ஏற்றி இறக்கியவர் அவர். குழிக்குள் நடப்பதை அவர் கண்ணால் கண்டதில்லை. இன்ஜின் அறையில் அமர்ந்தபடி, அடியிலிருந்து வரும் மணியோசையை எண்ணி, ஆழங்காட்டும் முள்ளைப் பார்த்து, கூண்டை இறக்குவார், நிறுத்துவார், ஏற்றுவார். இத்தனை மணிக்கு இன்ன பொருள் என்பது எழுதிவைத்த சட்டம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஆகவே நம் தலைமுறை இதைப் பாட்டனார் வாய்மொழியாகவே கேட்டிருக்கிறது. ஆயினும் வரைகலை டிரைவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

லினக்ஸின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய எல்லாவற்றுக்கும் வேலை பங்கிட்டுக் கொடுப்பது அதன் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு வன்பொருளின் நுணுக்கத்தையும் அறிந்தது அதனதன் டிரைவரே. கெர்னல் மணி அடிக்கும். டிரைவர் அதைப் புரிந்துகொண்டு வரைகலை அட்டையை இயக்கும்.

இங்கே ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். கெர்னலின் உட்புற மணிச் சட்டம் நிலையானது அன்று. பதிப்புக்குப் பதிப்பு அதை மாற்றும் உரிமையைக் கெர்னல் எழுதுவோர் வேண்டுமென்றே கைவசம் வைத்திருக்கிறார்கள். நாம் எழுதும் சாதாரண நிரல்களுக்கு இதனால் கேடில்லை. அவற்றைக் காப்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். உள்ளே வேலை செய்யும் டிரைவர்களுக்குத்தான் சட்டம் மாறும்.

அப்படியானால் எல்லா டிரைவர்களும் ஒவ்வொரு முறையும் விழிக்கவேண்டுமே என்பீர்கள். இல்லை. டிரைவர்களில் கம்பெனி ஆள் உண்டு, கான்ட்ராக்ட் ஆள் உண்டு. இன்டெல், ஏ.எம்.டி. அட்டைகளின் டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வளர்பவை, கம்பெனி ஆட்கள். சட்டத்தை மாற்றுபவர் அன்றே அவற்றையும் திருத்திவிடுகிறார். என்விடியா நிறுவனம் தானே எழுதித் தரும் டிரைவரோ வெளியிலிருந்து வருவது. அதைப் புதிய கெர்னல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருத்தியாக வேண்டும். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில் டோர்வால்ட்ஸ் இந்த நிறுவனத்தைக் குறித்துக் கைவிரலைக் காட்டிக் கடுஞ்சொல் சொன்னது உலகறிந்த செய்தி. அதன் பின் காலம் ஓரளவு மாறியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனால் அது டூரிங் தலைமுறை முதலான புதிய அட்டைகளுக்கே பயன்படும். நம் கையில் இருப்பவை பழைய அட்டைகள் ஆயிற்றே!

கான்ட்ராக்ட் ஆளுக்குப் புதுச் சட்டம் கற்பிக்க ஒரு வாத்தியார் உண்டு. டி.கே.எம்.எஸ். என்பது பெயர், டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பிரிவில் பிறந்தது. புதிய கெர்னல் வந்திறங்கியதும் இது டிரைவரின் மூலத்தை எடுத்து, அந்தக் கெர்னலுக்கு ஏற்ப மறுபடி தொகுத்து வைக்கும். ‘ஹெடர்’ எனப்படும் கெர்னல் தலைப்புக் கோப்புகள் இருந்தால்தான் தொகுக்க முடியும். அவை இல்லையென்றால், அல்லது வட்டில் இடமில்லையென்றால், அல்லது தொகுக்கும் நடுவில் மின்சாரம் போய்விட்டால், பாடம் பாதியில் நின்றுவிடும். புதிய கெர்னல் எழும், டிரைவர் எழமாட்டார், திரை இருளும். நம் இருட்டுத் திரைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கதைதான்.

சரி, திரை இருண்டுவிட்டது, என்ன செய்வது? முதலில் பொறியை ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்து, இருட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பொறியைத் திறந்தவுடன் தயாரிப்பாளர் முத்திரை தெரிகிறதா? தெரிந்தால் திரைப்பலகைக்குக் குறைவில்லை. ‘கண்ட்ரோல்’, ‘ஆல்ட்’, ‘எஃப்-3’ ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்துகள் தோன்றிப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், லினக்ஸ் உயிரோடு நலமாக இருக்கிறது. படம் வரைபவர் மட்டுமே இல்லை. கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது. அஞ்சவேண்டா, அது வழக்கம்.

இனி மிக முக்கியமான படி. புதுக் கெர்னல் வந்ததும் உபுண்டு, டெபியன், பெடோரா முதலியன பழைய கெர்னலை உடனே எறிந்துவிடுவதில்லை. அதற்கென்று தொகுத்த டிரைவரும் அதனுடனேயே இருக்கும். ஆகவே நேற்று வேலை செய்த கூட்டணி இன்றும் வட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறது. பொறியை மறுபடி தொடங்கும்போது, பழைய பயாஸ் முறைப் பொறியானால் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடியுங்கள், யூ.இ.எஃப்.ஐ. முறையானால் ‘எஸ்கேப்’ விசையை ஓரிரு முறை தட்டுங்கள். ‘கிரப்’ என்னும் பட்டியல் தோன்றும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் நுழைந்தால் கெர்னல்கள் பதிப்பெண்ணோடு வரிசையாக இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் வழக்கமான திரை ஒன்றும் நடவாததுபோல் வந்து நிற்கும். அன்றைய ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு, நோயை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கெர்னலும் கைகொடுக்கவில்லையா? கிரப் பட்டியலில் முதல் வரியின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரி ஒன்று இருக்கும். அதன் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஒரே சொல்லாகச் சேர்த்து, ‘எஃப்-10’ அழுத்துங்கள். ‘திரையின் அளவையும் நிறத்தையும் அமைக்கும் பொறுப்பை டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டா, பொறியின் அடிப்படை ஏற்பாடே போதும்’ என்று கெர்னலுக்குச் சொல்வது அது. படம் வரும், ஆனால் மெதுவாக வரும், திரையளவும் பொருந்தாது. சிலர் இதையே மருந்தென்று எண்ணி நிலையாக எழுதிவைத்துவிடுகிறார்கள். பிறகு பொறி மந்தமாயிற்று என்று வருந்துகிறார்கள். ஊன்றுகோல் கால் ஆகாது. இப்படித் திருத்துவது அந்த ஒரு முறைக்கே செல்லும், அதுவே போதும்.

எழுந்து நின்றாயிற்று. இனி நோயறிதல். இந்தப் பக்கத்தில் கட்டளைகளையும் தமிழெழுத்திலேயே தருகிறேன். ஒலியைக்கொண்டு நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்வீர்கள். ‘யூநேம் -ஆர்’ என்பது இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைச் சொல்லும். ‘எல்.எஸ்.பி.சி.ஐ. -கே’ என்பது ஒவ்வொரு வன்பொருளையும் அதை இயக்கும் டிரைவரையும் சொல்லும். அதில் ‘வி.ஜி.ஏ.’ அல்லது ‘3டி’ என்ற சொல் வரும் பத்தியைப் பாருங்கள். ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால் அங்கே டிரைவர் இருக்கையில் இருக்கிறார். அந்த வரியே இல்லையென்றால் இருக்கை காலி. ‘டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ்’ என்பது எந்தெந்தக் கெர்னலுக்கு டிரைவர் தொகுக்கப்பட்டது என்று காட்டும். புதிய கெர்னலின் எண் அந்தப் பட்டியலில் இல்லையா? நோய் வெளிப்பட்டுவிட்டது.

இவற்றினும் மேலானது நாட்குறிப்பு. முன்முறை பொறி எழ முயன்றபோது கெர்னல் எழுதிவைத்த குறிப்பை, ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே’ என்று கேட்டால் எடுத்துக் காட்டும். நீளமாக இருக்கும், முழுவதும் படிக்க வேண்டா. ‘என்விடியா’, ‘என்.வி.ஆர்.எம்.’, ‘டி.ஆர்.எம்.’, ‘ஃபெயில்டு’ ஆகிய சொற்கள் வரும் வரிகளைத் தேடுங்கள். நம் மாணவர் பலர் இந்தக் குறிப்பைப் படிக்காமலே யாரோ எங்கோ எழுதிய பத்துக் கட்டளைகளை வரிசையாகத் தட்டிவிடுகிறார்கள். அதனால் ஒரு நோய் மூன்றாகிறது. குறிப்பு பெரும்பாலும் காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறது.

‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று குறிப்பில் இருந்தால், அது ‘செக்யூர் பூட்’ என்னும் காவலாளியின் வேலை. முத்திரையில்லாத டிரைவரை அவர் வாயிலிலேயே தடுத்துவிடுவார். டிரைவரை நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். மறுமுறை பொறி தொடங்கும்போது நீலத்திரை ஒன்று தோன்றி, பத்து நொடி காத்திருந்து, போய்விடும். அந்தப் பத்து நொடிக்குள் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் முத்திரை செல்லுபடியாகும். நீலத்திரையைக் கண்டதும் ஏதோ பிழையென்று எண்ணி அவசரமாக ‘கன்டினியூ’ அழுத்தியவர்களே மிகுதி. டிரைவரை மறுபடி நிறுவி, இம்முறை நீலத்திரைக்கு விடை சொன்னால் தீர்ந்தது.

‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று இருந்தால் இன்னும் எளிது. பின்னணியில் டிரைவரின் ஒரு பாதி புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் பாதி பழையது. பொறியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

தொகுப்பு பாதியில் நின்ற கதையானால், முதலில் ‘டி.எஃப். -எச்’ என்று கேட்டு வட்டில், குறிப்பாக ‘பூட்’ பகுதியில், இடமிருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்து வழிந்தால் ‘சூடோ ஏ.பி.டி. ஆட்டோரிமூவ்’ மிகப் பழைய கெர்னல்களை அகற்றும். மின்சாரம் போனதால் நின்றதாயின் ‘சூடோ டி.பி.கே.ஜி. --கான்ஃபிகர் -ஏ’ விட்ட இடத்திலிருந்து தொடரும். பின்னர் அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பை நிறுவி, ‘சூடோ டி.கே.எம்.எஸ். ஆட்டோஇன்ஸ்டால்’ என்று சொன்னால் வாத்தியார் மறுபடி பாடம் நடத்துவார். இதற்கெல்லாம் இணையம் வேண்டுமே என்பீர்கள். கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து ‘டெதரிங்’ போட்டுவிட்டால், எழுத்துத் திரையிலும் பெரும்பாலும் தானாகவே இணையம் கிடைத்துவிடும்.

இவை எல்லாம் மருந்துக்கு அடங்கும் நோய்கள். அடங்காதது ஒன்று உண்டு. பழைய பொறி வைத்திருப்போர் அதை அறிந்தே தீரவேண்டும். கான்ட்ராக்ட் காலம் முடிவது என்பதே அது. என்விடியா தன் பழைய அட்டைகளைக் குறிப்பிட்ட டிரைவர் வரிசையோடு நிறுத்திவிடுகிறது. பெர்மி தலைமுறைக்கு 390 வரிசையே கடைசி. அதன் ஆதரவு 2022இல் முடிந்தது. கெப்ளருக்கு 470, அது 2024இல் முடிந்தது. மாக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசை கடைசி. ஜி.டி.எக்ஸ். 1050, 1060 என்று பழைய பொறிச் சந்தையில் நன்மதிப்போடு விற்கப்படுவனவெல்லாம் பாஸ்கல்தான். 2025ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590 வரிசைக்கு மாறியது. முன்னறிவிப்பைப் படிக்காமல் புதுப்பித்த பாஸ்கல் பொறிகளின் வரைகலைத் திரை எழாமற் போயிற்று. 580 வரிசையைத் தனியே தேடி நிறுவவேண்டியதாயிற்று. எந்த வரிசை வேண்டும் என்பதை நாட்குறிப்பே சொல்லிவிடும்: ‘இந்த அட்டை இன்ன எண் லெகசி டிரைவருக்கு உரியது’ என்று என்.வி.ஆர்.எம். வரியில் எண்ணோடு எழுதியிருக்கும்.

லெகசி டிரைவரும் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாத நாள் வரும். அப்போது ‘நூவோ’ இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘புதிய’ என்று பொருள்படும் இந்த டிரைவர், என்விடியா அட்டைகளின் போக்கை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதியது. 2010இல் கெர்னல் 2.6.33 பதிப்போடு அதுவும் கம்பெனி ஆள் ஆயிற்று. என்விடியா தொகுப்புகளை முழுவதும் நீக்கிவிட்டால் அது வந்து அமரும். வராவிட்டால் ‘மோட்ப்ரோப்.டி’ என்னும் அடைவில் நூவோவைத் தடைசெய்யும் கோப்பு ஏதேனும் மிஞ்சியிருக்கும். அதை எடுத்துவிட்டு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ என்ற கட்டளையைச் சூடோவுடன் கொடுங்கள். விளையாட்டுக்கும் குடா வகைக் கணக்குகளுக்கும் நூவோ உதவாது. கட்டுரை எழுத, நிரல் எழுத, படம் பார்க்கத் தாராளமாக உதவும்.

மடிக்கணிப்பொறிகளில் பலவற்றுக்கு இரண்டு வரைகலை உண்டு: செயலியோடு பிறந்த இன்டெல் ஒன்று, தனியாகப் பொருத்திய என்விடியா ஒன்று. உபுண்டுவில் ‘சூடோ பிரைம்-செலக்ட் இன்டெல்’ என்று சொல்லிப் பொறியை மறுபடி தொடங்கினால் என்விடியா ஒதுங்கிக்கொள்ளும். இன்டெல் திரையைத் தாங்கும். தேர்வுக்கு முன்னிரவில் சிக்கியவர்க்கு இதைவிட விரைவான வழி நானறிய இல்லை. மின்கலமும் கூடுதல் நேரம் வரும்.

கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தால் மறுபடி கடவுச்சொல்லே கேட்கிறது என்று சுற்றிச் சுற்றி வருவோரும் உண்டு. வட்டு நிறைந்திருந்தாலும் இப்படி நேரும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி வேலண்டுக்கும் எக்ஸார்குக்கும் மாற்றிப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 முதல் அதன் க்னோம் மேசையில் எக்ஸார்கு என்னும் தேர்வு இல்லை. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்போர்க்கே இந்த வழி.

ஒரு வழியை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். என்விடியாவின் தளத்திலிருந்து ‘ரன்’ கோப்பை இறக்கி நேராக நிறுவுவது. அது வட்டில் சிதறிவைக்கும் கோப்புகள் உபுண்டுவின் கணக்கில் வருவதில்லை. அடுத்த புதுப்பிப்பில் இரண்டு டிரைவர்களின் பாதிகள் கலந்துவிடும். ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ என்று கேட்டால் அட்டைக்கு ஏற்றதை அதுவே தேர்ந்து நிறுவும்.

ஆர்ச் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அங்கே பழைய கெர்னல் தானாகத் தங்குவதில்லை. ‘லினக்ஸ்-எல்.டி.எஸ்.’ என்னும் நெடுநாள் கெர்னலையும் அதன் ஹெடரையும் உடன் நிறுவி, கிரப் பட்டியலில் அதற்கும் இடம் இருக்கும்படி செய்துவிட்டால், சிக்கிய நாளில் அதன் வழியே எழலாம். மற்றவர்கள் ‘டைம்ஷிஃப்ட்’ என்னும் கருவியை நிறுவி, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன் அமைப்பின் நகலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் திரையிலிருந்தே ‘டைம்ஷிஃப்ட் --ரிஸ்டோர்’ என்று சொல்லி நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக அமைப்புக் கோப்புகளை மட்டுமே நகலெடுக்கும். உங்கள் ‘ஹோம்’ அடைவை அது தொடாது. ஆய்வேடு தனியே ஒரு பென்டிரைவில் இருக்கவேண்டும்.